சுவரில் மாட்டிய இட்லித் தட்டு

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் நவி மும்பை ஐரோலியில் எங்கள் வீட்டு மணியை யார் அடித்தாலும் கதவு உடனே திறக்காது. உள்ளே அகழாய்வு நடந்துகொண்டிருக்கும். கீழடியில் மண்வெட்டி, எங்களிடம் ரிமோட், அவ்வளவுதான் வித்தியாசம். யூட்யூபில் ஏதாவது ஒரு பழைய இந்தி காமெடி சீரியலைப் போடுவோம். கதையைப் பார்க்கக் கூடாது. வசனத்துக்குச் சிரிக்கக் கூடாது. நடிகரின் முதுகுக்குப் பின்னால் ஷோகேஸில், சுவரில், ஃபிரிட்ஜ் தலையில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்பவருக்கு ஒரு முறுக்கு. கதாநாயகியைப் பார்த்து வாய் பிளந்தவர் அவுட். அனேகமாக நான்தான் அவுட்.

இந்த ஆட்டத்தில் என் அம்மாவை ஜெயிக்க ஆள் கிடையாது. 1967-இல் கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து பம்பாய்ச் செம்பூருக்கு வந்தவள். அரை நூற்றாண்டு கடந்தும் அவளுடைய இந்தி காய்கறிக்காரனைத் தாண்டிப் போகவில்லை. வசனம் புரியாததால் கவனம் சிதறாது. அவர்கள் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருப்பார்கள், இவள் கண் சுவரை மேயும். "ஏல, அந்த பிரிட்ஜு பிளக்கு சொருகலல. உள்ள ஒண்ணும் இருக்காது" என்பாள். நிறுத்திப் பார்த்தால் வயர் அந்தரத்தில் தொங்கும். என் பையன் பேசாமல் முறுக்கு டப்பாவை நகர்த்துவான்.

இப்படி மூன்று வருஷம் தோண்டியதில் கிடைத்ததை வைத்து, பம்பாய் நகைச்சுவைத் தொடர்களின் வரலாற்றை நானே எழுதிவிடலாம் என்று துணிந்துவிட்டேன். பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளாது. அம்மா ஒப்புக்கொண்டுவிட்டாள்.

மன்னர் வரலாறு சிம்மாசனத்தில் தொடங்கும். டிவி வரலாறு சோபாவில். செட்டுக்கு மூன்றே சுவர். நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா, அதற்குப் பின்னால் நாம். அதனால்தான் சீரியல் குடும்பங்கள் சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கத்தை நமக்காகக் காலியாக விட்டு, மற்ற மூன்று பக்கமும் முழங்கை இடிக்க உட்காருகின்றன. இத்தனை வருஷமாக இடம் பிடித்து வைத்திருக்கிறார்களே தவிர, ஒரு சப்பாத்தி நீட்டியதில்லை. ஃபிரிட்ஜின் கம்பெனிப் பெயர் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். காசு கொடுக்காதவனுக்கு எதற்கு இலவச விளம்பரம்?

இதையெல்லாம் தூக்கி வைத்து, ஷாட் முடிந்ததும் தூக்கிப் போகிறவரைப் பம்பாய் செட்டுகளில் 'செட்டிங் தாதா' என்பார்கள். தாதா என்றதும் தாராவி வரதராஜ முதலியாரை நினைத்துப் பயந்துவிட வேண்டாம். இவர் தூக்குவது நாற்காலியை மட்டும்தான். சாமான்கள் வருவது ஜோகேஸ்வரி பக்கம் ஓஷிவாரா மரச்சாமான் சந்தையிலிருந்தும், சோர் பஜாரின் மட்டன் தெருவிலிருந்தும். மட்டன் தெருவில் பிரசித்தம் மட்டன் இல்லை, பாட்டன். யாருடைய பாட்டனோ சாய்ந்த நாற்காலி, யாருடைய பாட்டனோ சாவி கொடுத்த கடிகாரம், சமயத்தில் பாட்டனே சட்டம் போட்ட போட்டோவாக. பேரன் விற்றான், சீரியல் குடும்பம் தத்தெடுத்தது.

பம்பாய் தூர்தர்ஷன் 1972 அக்டோபர் 2-இல் பிறந்தது. காந்தி ஜெயந்தியன்று பிறந்த குழந்தை என்பதாலோ என்னவோ, ஆரம்பத்தில் சிக்கனமாகவே வளர்ந்தது. நகைச்சுவைக்கு நல்ல காலம் 1984-இல் 'யே ஜோ ஹை ஜிந்தகி' வந்தபோதுதான். எழுதியவர் சரத் ஜோஷி, இயக்கியவர்களில் ஒருவர் குந்தன் ஷா. குந்தன் ஷாவுக்குப் பொருள்களின் மீது ஒரு கண் உண்டு. அதற்கு முந்தைய வருஷம் அவர் எடுத்த 'ஜானே பீ தோ யாரோ' படத்தில் பிரதான ப்ராப்பர்ட்டி ஒரு பிணம். பிணத்தைச் சக்கரப்பெட்டி போல் உருட்டிக்கொண்டு திரிவார்கள்; கடைசியில் மகாபாரத நாடக மேடையில் ஏற்றித் திரௌபதி ஆக்குவார்கள். உயிரோடு இருப்பவர்கள் யாரும் அந்தப் பிணம் அளவுக்கு நடித்ததாகச் சொல்ல முடியாது. பிணமாக வந்த சதீஷ் ஷாவையே மறுவருஷம் சீரியலில் போட்டு, வாரத்துக்கு ஒரு வேஷம் கொடுத்தார்கள். ஒரு வாரம் இருந்த ஆள் மறுவாரம் இருக்க மாட்டார், ஆனால் அதே முகம் இருக்கும். எங்கள் அகராதியில் அவர் நடிகர் இல்லை, வாடகைக்குக் கிடைக்கும் சகலவிதமான பாத்திரம்.

1988-இல் 'வாக்ளே கி துனியா'. இங்கேதான் வரலாற்றில் முதல்முறையாகத் தமிழ் தலைகாட்டுகிறது, அதுவும் மூலையில். வாக்ளேயைப் படைத்தவர் ஆர்.கே. லக்ஷ்மண், மைசூர்த் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' முதல் பக்கத்தில் அவர் 1951 முதல் நிறுத்திவைத்த சாமானியனை நினைத்துப் பாருங்கள். கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, மூக்குக் கண்ணாடி. மந்திரிகள் பேசுவார்கள், அதிகாரிகள் பேசுவார்கள், இவர் மட்டும் ஓரமாக நின்று பார்ப்பார். அரை நூற்றாண்டுக்கும் மேல் வாயைத் திறக்கவில்லை. பின்னணியில் சும்மா நிற்பதை ஒரு முழுநேரத் தொழிலாக்கி, அதில் நாட்டிலேயே பெரிய ஆளாக வந்தவர் அவர் ஒருவர்தான். வாக்ளேயாக அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ். ஒரு பகுதியில் வாக்ளேயைக் காரால் இடித்துவிடும் இளைஞன் ஷாருக் கான். அந்தப் பகுதி எங்கள் வீட்டில் ஓடியபோது பையன், "ஷாருக்!" என்று கத்தி அவுட் ஆனான். அம்மா காரைப் பார்த்து முறுக்கு வாங்கினாள்.

1995-இல் 'ஹம் பாஞ்ச்'. பின்னணிப் பொருளுக்கே வசனம் எழுதிய புரட்சி இதுதான். அசோக் சராஃப் மாத்தூர் வீட்டுத் தலைவர், ஐந்து பெண்கள், இரண்டாவது மனைவி. செத்துப்போன முதல் மனைவி சுவரில், சட்டத்துக்குள். அந்தப் படம் பேசும். புருஷனுக்குப் புத்தி சொல்லும், வீட்டில் நடப்பதற்கெல்லாம் முகம் சுளிக்கும். உள்ளே இருந்தவர் பிரியா தெண்டுல்கர். அவர் யார் என்று தெரிந்தால் விஷயம் இன்னும் ருசிக்கும். 1985-இல் பாசு சட்டர்ஜியின் 'ரஜனி'யாக வந்து, நுகர்வோரை ஏமாற்றுகிறவர்களை ஒவ்வொரு ஞாயிறும் நடுத்தெருவில் நிறுத்தியவர். டாக்சிக்காரர்களே அந்தத் தொடரை எதிர்த்து ஊர்வலம் போகும் அளவுக்கு வாய். அப்படிப்பட்டவரைப் பத்தே வருஷத்தில் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். மாட்டிய பிறகும் வாய் ஓயவில்லை என்பதுதான் பெருமை.

அந்த ஐந்து பெண்களில் சோடாபுட்டிக் கண்ணாடியோடு வந்த ராதிகாவை அம்மாவுக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. "இது நம்ம செம்பூர்ப் புள்ளைல்லா!" செம்பூரில் வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண், வித்யா பாலன். நடிப்பில் அதுதான் அவருடைய முதல் அடி. முகத்தைப் பார்த்ததற்காக அம்மா அன்று முதன்முறையாக அவுட். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "கண்ணாடியத்தாம்ல பாத்தேன், அது பொருள்தான?" என்று மேல்முறையீடு செய்து ஜெயித்தாள்.

அந்தக் கண்ணாடியில்தான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. செம்பூர்த் தமிழ்ப் பெண் டிவியில் மாத்தூர் வீட்டு ராதிகா. அப்படியானால் டிவியில் தமிழனாக வருகிறவன் யார்?

சினிமாவிலிருந்து தோண்டினேன். 1968-இல் 'படோசன்' படத்தில் 'பிள்ளை' என்ற சங்கீத வாத்தியாராக வந்தவர் மெஹ்மூத். 1990-இல் 'அக்னீபத்'தில் இளநீர் விற்கும் கிருஷ்ணன் ஐயர் எம்.ஏ. ஆக லுங்கியை மடித்துக் கட்டியவர் மிதுன் சக்ரவர்த்தி, அசல் வங்காளி. அதற்கு ஃபிலிம்ஃபேர் விருதும் வாங்கினார். பாதியாவது அந்தத் தேங்காய்க்குச் சேர வேண்டும். 2008 ஜூலை 28-இல் 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' தொடங்கியபோது கோகுல்தாம் சொசைட்டியில் ஒரு தமிழர் குடியேறினார். பெயர்? அதே கிருஷ்ணன் ஐயர். பதினெட்டு வருஷத்தில் இளநீர் வண்டியை விற்று விஞ்ஞானி ஆகியிருந்தார், அது நிச்சயமாக முன்னேற்றம்தான். நடிப்பவர் தனுஜ் மகாசப்தே, மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த மராட்டியர். கதையில் கட்டிய மனைவி வங்காளி. கிருஷ்ணன் ஐயர் என்ற பெயருக்கும் வங்காளத்துக்கும் ஏதோ பூர்வ ஜென்ம பந்தம்.

மறுபக்கம் பாருங்கள். 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' தொடரில் கஃப் பரேட் குஜராத்தி டாக்டர் சாஹிலாக வந்தவர் சுமீத் ராகவன், அப்பா வழியில் தமிழர். 2021-இல் வாக்ளே புதிய தலைமுறையாகத் திரும்பி வந்தபோது மராட்டிய வாக்ளேயின் மகனும் அவரேதான்.

ஆக, பம்பாய் டிவியின் சட்டம் இது: தமிழன் குஜராத்தியாகலாம், மராட்டியனாகலாம், மாத்தூர் ஆகலாம், தமிழனாக வேண்டுமானால் வேறு யாராவது வர வேண்டும். வந்தவரைத் தமிழனாக்குவது எது? முகமா, மொழியா? ஒரு சிட்டிகை விபூதி, ஒரு லுங்கி, மூச்சுக்கு மூச்சு ஒரு "ஐயையோ". சாமான்தான் தமிழன். ஆள் அதைத் தாங்கும் ஸ்டாண்டு.

கோகுல்தாமுக்கே வருவோம். கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் நிற்கும் அந்தக் கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் உண்டு. பால்கனியிலிருந்து கையாட்டுகிறவர் திரும்பி உள்ளே போனால் வீடு இருக்காது. வீட்டுக் காட்சிகள் வேறொரு செட்டில். எங்கள் ஐரோலி கட்டடத்தில் இதுவே தலைகீழ். உள்ளே வீடு இருக்கிறது, வெளிப்பக்கம்தான் வருஷா வருஷம் மழைக்கு உதிர்கிறது. கோகுல்தாம் முற்றத்தில் ஒரு கரும்பலகை. செயலாளர் பிடே தினமும் அதில் ஒரு நற்சிந்தனை எழுதுவார். எங்கள் சொசைட்டிப் பலகையில் தண்ணீர் வராத நேரம் மட்டும் எழுதுவார்கள். அதுவும் ஒருவகையில் தத்துவம்தான்.

அந்தத் தொடரின் ஜேட்டாலாலுக்கு 'கடா எலக்ட்ரானிக்ஸ்' என்று ஒரு கடை. படமெடுப்பது கார் பகுதியில் இருக்கும் ஒரு நிஜக் கடையில். (கார் என்றால் வண்டி இல்லை, ஊர்.) ஜனங்கள் வந்து கடை வாசலில் போட்டோ எடுத்து எடுத்து, நிஜக் கடையே கடைசியில் கடா எலக்ட்ரானிக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மனிதன் வேஷம் போட்டுப் பெயர் மாறியது போய், வேஷம் கடைக்கே பெயர் வைத்துவிட்டது.

இந்த இடத்தில் பையன் குறுக்கிட்டு, அமெரிக்காவைப் பற்றியும் எழுதச் சொல்கிறான். அவன் கண்டுபிடித்த அதிசயம் ஒரு பேப்பர். 'மேரீட் வித் சில்ட்ரன்' அப்பா படிக்கும் செய்தித்தாளும், எத்தனையோ வருஷம் கழித்து 'மாடர்ன் ஃபேமிலி' அப்பா படிக்கும் செய்தித்தாளும் ஒன்று. ஒரே பக்கம், கருங்கூந்தலோடு சிரிக்கும் ஒரே பெண்ணின் போட்டோ. 1915-இலிருந்து ஹாலிவுட்டுக்குப் பொய்ப் பேப்பர் அச்சடிக்கும் ஏர்ல் ஹேஸ் பிரஸ்ஸின் சரக்கு. நிஜப் பத்திரிகையைக் காட்டினால் அனுமதி கேட்க வேண்டும், வழக்கு வரும். அதற்கு இது தேவலை என்று ஆளாளுக்கு அதையே வாங்கியிருக்கிறார்கள். அம்மா கேட்டுவிட்டு, "உங்க தாத்தாவும் ஒரே பேப்பரத்தான் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் படிப்பாரு" என்றாள். அமெரிக்கா அதோடு முடிந்தது.

செம்பூர்க்காரர்களுக்கு இந்த வரலாற்றில் ஒரு துக்க நாளும் உண்டு. 2017 செப்டம்பர் 16. ராஜ் கபூர் 1948-இல் நிறுவிய ஆர்.கே. ஸ்டுடியோவில் தீப்பிடித்தது, ஒரு டிவி நடனப் போட்டியின் செட்டில். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் நர்கிஸ் காலம் முதல் சேர்த்துவைத்த உடைகளும் 'மேரா நாம் ஜோக்கர்' முகமூடியும் போயின. பழைய சினிமாவை டிவியின் தீ தின்றது. ஸ்டுடியோ நிலத்தை 2019-இல் கோத்ரெஜ் வாங்கியது. தீப்பிடித்த அன்று ராத்திரி செய்தி பார்த்துக்கொண்டிருந்த அம்மா மெதுவாக, "எல்லாரோட சாமானும் அங்க இருந்திருக்கும்" என்றாள். ஜோக்கர் முகமூடிக்கு அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் நினைத்தது ஒரு டம்ளரை.

அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. 1994-இல் நாங்கள் செம்பூரில் இருந்தபோது மேல்வீட்டுப் பையன் ஒருவன் ஏதோ ஒரு சீரியலில் ஆர்ட் அசிஸ்டென்ட். ஒருநாள் ஓடிவந்தான். "ஆன்ட்டி, மதராஸி வீடு செட் போடணும், நாளைக்கு ஷூட்டிங், ஏதாவது குடுங்க." அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இட்லித் தட்டு, தேங்காய்த் துருவி, முருகன் காலண்டர், அவளுடைய கல்யாணச் சீரில் வந்த பித்தளை டபரா டம்ளர், எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து, பழைய வேட்டியில் கட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

ஒளிபரப்பான அன்று பக்கத்து மூன்று வீட்டு ஜனமும் எங்கள் ஹாலில். மதராஸி வந்தார், "ஐயையோ" என்றார், இரண்டு நிமிஷத்தில் போய்விட்டார். அந்த இரண்டு நிமிஷத்தில் நாங்கள் கண்டது: இட்லித் தட்டு சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தது, இரண்டு சூரிய அஸ்தமனப் படங்களுக்கு நடுவில், நவீன ஓவியமாக. தேங்காய்த் துருவி டெலிபோனுக்குப் பக்கத்தில், பல்லை மேலே காட்டிக்கொண்டு. அப்பா சொன்னார்: "இருட்டுல போன் அடிச்சா கை போயிரும்வே." மதராஸி டம்ளரை டபராவால் மூடி, பூட்டுப் போல் பிடித்துக்கொண்டிருந்தார். எதற்கு எது என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாமான் திரும்பி வந்தது. இட்லித் தட்டில் ஒரு ஆணி ஓட்டை. ஏற்கெனவே ஓட்டையாக இருக்கும் தட்டில் புதிதாக ஒரு ஓட்டை போடக் கலைத்துறையால்தான் முடியும். காலண்டரில் டிசம்பர் வரை கிழித்து முருகனை மட்டும் கொடுத்தார்கள். டபரா வந்தது; டம்ளர் வரவில்லை. மேல்வீட்டுப் பையன் தேடிப் பார்க்கிறேன் என்றான், அப்புறம் வீடு மாறிப் போய்விட்டான். ஐரோலிக்குப் பாலம் வந்து, ரயில் வந்து, நாங்களும் வந்தோம். ஜோடி இழந்த டபராவும் வந்தது. அதில் அம்மா துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சாபிக் குடும்பம், கல்யாணச் சண்டை. நான் வழக்கம் போல் கல்யாணப் பெண்ணைப் பார்த்து அவுட் ஆகியிருந்தேன்.

"நிறுத்துல."

நிறுத்தினேன். பஞ்சாபி அப்பாவின் முழங்கைக்குப் பின்னால், மேஜையில், பென்சில் ஸ்டாண்டு. பித்தளை.

"பின்னால போல. கொஞ்சம்."

பையன் போனில் அதே இடத்தைப் பிடித்து விரித்தான். மங்கலாக, புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள். அம்மாவின் பெயர், கீழே 1967. எனக்கு எழுத்தே கூடவில்லை, அவள் படிக்கவே இல்லை. "கடைசி எழுத்து சாஞ்சிருக்கு பாரு. டவுன் ரத வீதில பேர் வெட்டுனவன், தேர் வருதுன்னு திரும்பிட்டான்." சாய்ந்துதான் இருந்தது.

மதராஸியாக மராட்டியரும் வங்காளியும், குஜராத்தியாகத் தமிழரும் வேஷம் கட்டிய இத்தனை வருஷத்தில், சொந்தப் பெயரோடு, அதுவும் தமிழில் எழுதி, பஞ்சாபி வீட்டு நடுக்கூடத்தில் நின்றது அந்த டம்ளர் ஒன்றுதான். ஒருத்தருக்கும் தெரியவில்லை. எடுத்தவருக்கும் தெரியவில்லை, பார்த்த லட்சம் பேருக்கும் தெரியவில்லை.

இதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன், நெஞ்சு விம்ம. அவள் முறுக்கு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது கெடக்கட்டும். காபி குடிக்கிற டம்ளர்ல பென்சில சொருகி வச்சிருக்கான், மூதி." கொஞ்ச நேரம் கழித்து, பையனிடம்: "ஏய்யா, அந்த மேல்வீட்டுப் பையன் நம்பரு இதுல கெடைக்குமா?"

"ஆச்சி, முப்பது வருஷம் ஆச்சு."

"அதான் கேக்கேன். இன்னுமா தேடுதான்?"